இரைப்பைப் புற்றுநோய்க்கு வித்திடும் பாக்டீரியாவை நீக்குவது எப்படி?

ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா, இரைப்பையின் உட்சுவரில் பல ஆண்டுகள் தங்கி ஓயாத அழற்சியை உண்டாக்கி, அங்குள்ள செல்களைச் சிறிது சிறிதாகப் புற்றுநோயை நோக்கித் தள்ளக்கூடியது. தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்றாலும், இரைப்பைப் புண் இருப்பவர்களும் குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்களும் மருத்துவரிடம் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யக் கேட்க வேண்டும்.

ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை உட்கொண்டபடி சோதித்தால், தொற்று இருந்தும் இல்லை என்றே முடிவு வரக்கூடும் என்பதால், மருத்துவரின் அனுமதியுடன் 2 வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்துங்கள்.

தொற்று உறுதியானால், அதை நீக்கும் மருந்துச் சிகிச்சை வழக்கமாக 14 நாட்கள். வலி நின்றதும் மருந்தைப் பாதியில் விடுவதே மிகக் கவலைக்குரிய தவறு. எஞ்சிய கிருமிகள் அம்மருந்துகளை எதிர்க்கப் பழகிவிடலாம். சிகிச்சை முடிந்து 4 வாரங்களேனும் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள்.