கண் தெரியாமல் மியூஸ்ஸ்கோரில் ஸ்வரம் எழுதுவது

விண்டோஸ் கணினியும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானும், இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரும் போதும், பின்னிரண்டும் இலவசம். மவுஸை ஒதுக்கிவிடுங்கள்.

சிங்கப்பூர் தேக்காவில் பொங்கல் நிகழ்ச்சிக்கு வாசிக்க, மாயாமாளவகௌளை ராக வரிசை ஒன்றைக் கீபோர்டு தம்பிக்கு எழுதித் தரவேண்டும் என்று வையுங்கள். முதலில் ‘என்’ (N) விசை, எழுதும் நிலை வந்துவிடும். ஸ்வரத்தின் நீளத்துக்கு, 5 அழுத்தினால் கால் ஸ்வரம், 4 அதில் பாதி, 6 இரட்டிப்பு. சா-வுக்கு ‘சி’ (C) என்று வைத்துக்கொண்டால், ரி-க்கு ‘டி’ அழுத்தியதும் கீழ் அம்புக்குறியை ஒரு தடவை தட்டுங்கள், சுருதி அரைப் படி இறங்கி இந்த ராகத்தின் ரி கிடைக்கும். தா-வுக்கும் இதே வேலைதான், ‘ஏ’ அழுத்திக் கீழே ஒரு தட்டு. இடைவெளிக்கு 0.

இங்கேதான் கவனம் வேண்டும்: முந்தைய ஸ்வரத்துக்கு அருகில் இருப்பதையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும், அதனால் மேல் ஸ்தாயி கேட்டால் கீழ் ஸ்தாயி விழலாம். ஸ்வரத்தோடு சேர்த்து என்விடிஏ சொல்லும் ஸ்தாயி எண்ணைக் கேளுங்கள், தவறென்றால் கண்ட்ரோலோடு மேல் அம்புக்குறி.

முடிந்ததா? எஸ்கேப், அப்புறம் கண்ட்ரோல் ஹோம் அழுத்தித் தொடக்கத்துக்குப் போய், வலது அம்புக்குறியால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஸ்பேஸ் தட்டினால் வாசித்துக் காட்டும். நான் ஸ்பேஸை மட்டும் நம்பமாட்டேன், தாளப் பிழை ஒவ்வொன்றாகக் கேட்கும்போதுதான் பிடிபடும்.