காப்ரிக்கு ஒரு நாள் டூர்: 'எல்லாம் கைடு பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிடாதீர்கள்

இத்தாலி போகிறவர்கள் நேப்பிள்ஸ் பக்கம் வந்ததும், எதிரே கடலில் தெரியும் காப்ரி தீவுக்கு ஒரு நாள் டூர் பதிவு செய்துவிடுவது வழக்கம். அதில் தப்பில்லை. தீவு மொத்தமே பத்துச் சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். தப்பு அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. பணம் கட்டியாகிவிட்டது, கைடு இருக்கிறார், இனி எல்லாம் அவர் பாடு என்று விட்டுவிடுகிறோம். முப்பது பேரை எண்ணி ஏற்றி இறக்குவதற்கே அந்த மனிதருக்கு நேரம் சரியாக இருக்கும். நம் நாள் எப்படிப் போகப்போகிறது என்பதை நாம்தான் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை எதையுமே கேட்கவில்லை. கீழே இருப்பதில் பாதி அதனால் கற்றுக்கொண்டது.

தீவில் எத்தனை மணி நேரம்?

விளம்பரத்தில் "12 மணி நேர டூர்" என்று போட்டிருப்பார்கள். அது உங்களை ஹோட்டல் வாசலில் ஏற்றுவதிலிருந்து திரும்ப இறக்கிவிடும் வரைக்குமான கணக்கு. ரோமிலிருந்து ஒரே நாளில் காப்ரி கூட்டிப்போகும் டூர்கள் நிறைய இருக்கின்றன. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல். அதிவேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம். பஸ் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அப்புறம் துறைமுகம், அங்கே ஒரு காத்திருப்பு, நேப்பிள்ஸிலிருந்து விரைவுப்படகில் சுமார் 50 நிமிடம். திரும்பவும் இதே பாடு. தீவில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம் இருந்தால் பெரிது. முடிந்தால் முதல் நாள் இரவே நேப்பிள்ஸிலோ, காப்ரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் சொரெண்டோ என்ற ஊரிலோ தங்கிவிடுங்கள். சொரெண்டோவிலிருந்து காப்ரி அரை மணி நேரம்கூட இல்லை.

சொரெண்டோவிலிருந்து காலை ஒன்பது மணிக்குள் இறங்கி, மாலை நாலரைப் படகில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஏழரை மணி நேரம். தீவைச் சுற்றிப் படகு, நீலக் குகை (உள்ளே தண்ணீர் நீலமாக ஒளிரும் கடற்குகை) என்று இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் போகும். சாப்பாடு ஒன்றேகால் மணி. பஸ்ஸுக்கும் மலைரயிலுக்கும் நிற்பது ஒரு மணி. கைடு நின்று நின்று விளக்குவது தனி. கடைசியில் "ஃப்ரீ டைம்" என்று ஒன்றரை மணி நேரம் கையில் கிடைக்கும். அதை எங்கே, எந்த ஊரில் விடுவார்கள் என்று கேளுங்கள். துறைமுகத்தில் விட்டால் நினைவுப்பொருள் கடைகளைத்தான் சுற்ற வேண்டும்.

எந்த மரீனா?

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காப்ரியில் 'மரீனா கிராண்டே' என்பது படகுகள் வந்து நிற்கும் துறைமுகம். 'மரீனா பிக்கோலா' தெற்குப் பக்கம் இருக்கும் குளிக்கிற இடம். சொரெண்டோவிலும் இதே இரண்டு பெயர்கள் உண்டு, ஆனால் தலைகீழாக. அங்கே காப்ரி படகு புறப்படுவது மரீனா பிக்கோலாவில். மரீனா கிராண்டே பழைய மீனவர் குடியிருப்பு. என்னோடு டூரில் வரவேண்டிய ஒரு தம்பதி, காப்ரி வரைபடத்தில் பார்த்த பெயரை நினைவில் வைத்துக்கொண்டு சொரெண்டோவின் மரீனா கிராண்டேக்குப் போய் நின்றிருந்தார்கள். செங்குத்துப் பாறைமேல் கட்டிய ஊர் அது. ஒரு மரீனாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமென்றால் மேலே ஏறி, ஊரைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். அவர்கள் வந்து சேர்ந்தபோது படகு கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நேப்பிள்ஸிலும் இரண்டு இடங்கள். விரைவுப்படகுகள் மோலோ பெவெரெல்லோவிலிருந்து. பெரிய பெர்ரிகள் கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸாவிலிருந்து. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீலக் குகை டூரில் சேர்ந்திருக்கிறதா?

காப்ரி டூர்களில் வரும் மனக்கசப்பில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான். விளம்பரப் படத்தில் குகை இருக்கும். கீழே பொடி எழுத்தில் "வானிலை அனுமதித்தால்", "நுழைவுக் கட்டணம் தனி" என்று இருக்கும். நான் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் போனவன்.

அங்கே நடப்பது இதுதான். டூர் படகு உங்களைக் குகைக்கு வெளியே வரைக்கும்தான் கொண்டுபோகும். குகை வாய் சுமார் ஒரு மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். அதற்குள் நுழையக்கூடியது துடுப்புப் படகு மட்டுமே. ஆகவே கடலில் ஆடிக்கொண்டிருக்கும் பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். மிதக்கும் டிக்கெட் படகில் பணம் கட்ட வேண்டும். கடைசியாக நான் போனபோது தலைக்கு 18 யூரோ. ரொக்கமாகக் கையில் வைத்திருப்பது நல்லது. அப்புறம் சின்னப் படகில் ஏறிய நாலு பேரும் அதன் அடித்தட்டில் கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டி பாறையில் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடித்து, அலை தாழும் நொடிக்குக் காத்திருந்து, ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோய்விடுவார். தலையைத் தூக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். தூக்காதீர்கள்.

உள்ளே இருப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் எதற்கும் ஈடாகாது என்று நான் சொல்வேன். என் மனைவி, அவ்வளவு நேரம் வெயிலில் காத்திருந்ததற்கு இதுவா என்கிறாள். இரண்டும் நியாயம்தான். குகை வாய்க்குக் கீழே, தண்ணீருக்கு அடியில், இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. வெயில் அதன் வழியாகத் தண்ணீரைக் கடந்து உள்ளே வருகிறது. வரும் வழியில் சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் குகையை நிறைக்கிறது. கையைத் தண்ணீரில் விட்டால் வெள்ளி பூசினாற்போல் மின்னும். ரோமானியப் பேரரசர் திபேரியஸ் கி.பி. 27 வாக்கில் ரோமை விட்டு வந்து, கடைசிப் பத்தாண்டுகளை இந்தத் தீவிலிருந்தே ஆண்டவர். அவர் காலத்தில் இந்தக் குகையைச் சிலைகள் வைத்து அலங்கரித்திருந்தார்கள். 1964இல் அடித்தரையிலிருந்து சிலைகளை மீட்டெடுத்தார்கள். அவற்றைத் தீவின் மேட்டில் இருக்கும் இன்னொரு ஊரான அனகாப்ரியில் உள்ள காசா ரோஸ்ஸா என்ற சிவப்பு வீட்டில் பார்க்கலாம்.

குகை இருப்பது தீவின் வடமேற்குக் கரையில். அந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால், கடல் மற்ற பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தாலும், குகையை மூடிவிடுவார்கள். காலையில் திறந்து மதியம் மூடுவதும் உண்டு. இதில் கைடு செய்ய ஒன்றுமில்லை. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: குகை மூடியிருந்தால் பதிலுக்கு என்ன? பணத்தில் ஏதாவது திரும்ப வருமா? வரிசை ஒரு மணி நேரம் தாண்டினால் காத்திருப்பீர்களா, விட்டுவிட்டுப் போவீர்களா? முதல் தடவை எங்கள் படகு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, எங்கள் முறை வரும் நேரத்தில் குகையை மூடினார்கள். மதியச் சாப்பாடும் போயிற்று, அனகாப்ரியும் போயிற்று. இரண்டாம் தடவை தரைவழியாகப் போனேன். அனகாப்ரியிலிருந்து குகைக்குத் தனி பஸ் உண்டு. இறங்கிப் படிக்கட்டு வழியாகப் போனால் அதே துடுப்புப் படகில் ஏறிக்கொள்ளலாம். அங்கேயும் வரிசை இருக்கும். ஆனால் ஆடாத தரையில் நிற்கலாம்.

படகோட்டிகள் உள்ளே ஒரு பாட்டுப் பாடுவார்கள், வெளியே வந்ததும் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம்.

இதில் இன்னொன்றும் சேர்த்தி. தீவில் இறங்குவதற்கே ஒரு கட்டணம் உண்டு; 2024இல் சீசன் மாதங்களுக்கு அதை இரண்டரை யூரோவிலிருந்து 5 யூரோவாக உயர்த்தினார்கள். வழக்கமாகப் படகு டிக்கெட்டிலேயே அது அடங்கிவிடும். டூரில் அடங்கியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் காலையில் சில்லறை தேட வேண்டியதில்லை.

கடல் ஒத்துக்கொள்ளுமா?

விரைவுப்படகு என்றால் வேகமாகப் போகும், ஜன்னல் திறக்காது, வெளியே வந்து நிற்கவும் பெரும்பாலும் இடமிருக்காது. கொடைக்கானல் மலைப்பாதையில் தலைசுற்றுகிறவர்கள் வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. மெதுவாகப் போகும் பெரிய பெர்ரி அவ்வளவு ஆடாது. கடல் கொந்தளித்தால் முதலில் நிறுத்துவதும் விரைவுப்படகுகளைத்தான். அதனால் காப்ரி டூரை இத்தாலியின் கடைசி நாளில், மறுநாள் விடியலில் விமானம் என்ற நிலையில், வைத்துக்கொள்ளாதீர்கள்.

தட்டையான தீவு இல்லை

காப்ரி கடலிலிருந்து எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை. துறைமுகம் கீழே, காப்ரி ஊர் மேலே, அனகாப்ரி அதற்கும் மேலே, உச்சியான மொண்டே சொலாரோ 589 மீட்டர். துறைமுகத்திலிருந்து காப்ரி ஊருக்குப் போவது ஃபூனிகொலாரே என்ற மலைரயில். நம் பழனி விஞ்ச் மாதிரியேதான், 1907இலிருந்து ஓடுகிறது. ஏறுவதற்குச் சில நிமிடம். வரிசையில் நிற்பதற்கு முக்கால் மணி. "மலைரயில் டிக்கெட் அடக்கம்" என்பதற்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்று பொருளில்லை.

அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊருக்குள் பல தெருக்களில் வண்டியே வராது. நடைதான், படிதான். பியாட்ஸெட்டா என்ற நடுச் சதுக்கத்திலிருந்து அகஸ்டஸ் தோட்டம் வரை பத்து நிமிடம், பெரியவர்களும் மெதுவாக நடந்துவிடலாம். அங்கிருந்தே கடலில் எழுந்து நிற்கும் ஃபராலியோனி பாறைகள் தெரியும். திபேரியஸின் மாளிகை இருந்த வில்லா யோவிஸுக்கு முக்கால் மணி நேர ஏற்றம்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம். மொண்டே சொலாரோவுக்கு அனகாப்ரியிலிருந்து ரோப்கார் உண்டு. பெட்டி கிடையாது, ஒற்றை நாற்காலி. கால் தொங்கும், முன்னால் ஒரு கம்பி மட்டும். பதின்மூன்று நிமிடம் தனியாக. செருப்பு கழன்றால் யாரோ ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் விழும். பின்னால் வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு போங்கள்.

சாப்பாடு

"மதிய உணவு அடக்கம்" என்றால் என்ன உணவு என்று கேளுங்கள். சைவக்காரர்கள் இரண்டு நாள் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வெஜிடேரியன் என்று சொன்னால் மீன் வைத்துவிடும் கடைகளும் உண்டு; "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை. தக்காளி, மொட்ஸரெல்லா, துளசி போன்ற பாசிலிகோ இலை சேர்ந்த கப்ரேஸே சாலட் பயமில்லாமல் சாப்பிடலாம். பாதாமும் சாக்லேட்டும் சேர்த்துச் செய்யும் தோர்த்தா கப்ரேஸே கேக்கில் கோதுமை மாவு இல்லை, முட்டை உண்டு. பியாட்ஸெட்டாவில் உட்கார்ந்து காபி குடித்தால், அதே காபிக்கு நின்று குடிப்பதைவிடப் பல மடங்கு விலை. இத்தாலி முழுக்க இதுதான் வழக்கம். தெரிந்து உட்கார்ந்தால் வருத்தமில்லை.

அனகாப்ரியும் திரும்பும் படகும்

பெரும்பாலான டூர்கள் காப்ரி ஊரில் கடைத்தெருவைக் காட்டிவிட்டு, அனகாப்ரியில் ஒரு மணி நேரம் விடுகின்றன. அந்த ஒரு மணியை மறுபடி கடைகளில் போக்குவது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. சான் மிக்கேலே தேவாலயத்துக்குப் போங்கள். உள்ளே தரை முழுக்க ஒரே ஓவியம். ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்திலிருந்து விரட்டப்படும் காட்சி, 1761இல் வண்ண ஓடுகளில் செய்தது. யானை, முதலை, ஒற்றைக்கொம்புக் குதிரை எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கின்றன. தரையை மிதிக்க விடமாட்டார்கள். சுவரோரமாகப் போட்ட பலகைமேல் நடந்து, அப்புறம் ஒரு குறுகிய சுழல்படி ஏறி மாடத்திலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். நான் போனபோது மேலே என்னைத் தவிர ஒரு பாட்டியும் பேரனும் மட்டும். பேரன் முதலையைத்தான் தேடிக்கொண்டிருந்தான். வெளியே தெருவில் முந்நூறு பேர்.

அங்கிருந்து கிளம்பும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்றரைக்கு மேல் எல்லாருமே இறங்குவார்கள். குட்டிப் பஸ்கள் நிறைந்து, நிறுத்தத்தில் நிற்காமல் போகும், மலைரயில் வரிசை சதுக்கத்தைச் சுற்றும். படகு நேரத்துக்கு ஒரு மணி முன்பே பியாட்ஸெட்டாவிலிருந்து புறப்பட்டுவிடுவது என் வழக்கம். வரிசை நகரவில்லையென்றால் நடந்தே இறங்கலாம். வீட்டுச் சுவர்களுக்கு நடுவே இறங்கும் ஒரு பாதை இருபது நிமிடத்தில் துறைமுகத்தில் விடும். கீழே வந்ததும் எந்தத் துறை, எந்த ஊர்ப் படகு என்று பலகையில் பாருங்கள். நேப்பிள்ஸ் படகும் சொரெண்டோ படகும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கூட்டம் போகிற பக்கம் போனால் எந்த ஊரில் இறங்குவீர்கள் என்று சொல்ல முடியாது.