வீட்டுத் தோட்டத்துக்கு மரங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாற்றுப் பண்ணையில் பைகளில் நிற்கும்போது எல்லா மரக்கன்றுகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன. முழங்கால் உயர மாதுளைக் கன்றுக்கும் அதே உயரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சிக் கன்றுக்கும் பார்வையில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் மாதுளை வளர்ந்து முடிந்த பிறகும் சிறு மரமாகவே நிற்கும். தூங்குமூஞ்சியோ 20 மீட்டருக்கு மேல் ஓங்கி, அதைவிட அகலமாகக் குடை விரித்து, ஒரு சிறிய மனையை முழுவதுமாக மூடிவிடும். செழித்து வளர்ந்த ஒரு மரம் இடம் போதவில்லை என்பதற்காகவே வெட்டப்படுவது மிகவும் வருந்தத்தக்கது. அந்த நிலை வராமல் தடுக்கும் வாய்ப்பு நடுவதற்கு முன்புதான் நம் கையில் இருக்கிறது. ஆகவே எனக்கு எந்த மரம் பிடிக்கும் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, என் இடம் எந்த மரத்தைத் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

இடத்தை அளத்தல்

மனதில் இருக்கும் மரத்தின் முழு வளர்ச்சியில் அதன் கிளைப்பரப்பு எவ்வளவு அகலம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கன்றை நட நினைக்கும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, அந்த அகலத்தின் பாதி நீளத்துக்குக் கயிறு கட்டி, கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து சுண்ணாம்புப் பொடியால் தரையில் வட்டம் இடுங்கள். கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டி அடக்காமல் விட்ட மாமரத்துக்கு 10 மீட்டர் அகலம் சாதாரணமாகத் தேவைப்படும். அதற்கு 5 மீட்டர் கயிறு வேண்டும். வட்டத்தின் கோடு வீட்டுச் சுவரிலோ, அண்டை வீட்டாரின் மதிலிலோ முட்டினால், அந்த மரம் அந்த இடத்துக்கு உரியதன்று என்பது தாளில் போட்ட எந்தக் கணக்கையும்விடத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வட்டத்தின் நடுவில் நின்று அண்ணாந்தும் பாருங்கள். மின்கம்பி செல்லும் இடத்துக்குக் கீழே நான்கு மீட்டரைத் தாண்டாத மரங்களை மட்டுமே நடலாம். ஆண்டுதோறும் உச்சியை வெட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ணி உயர்ந்து வளரும் மரத்தை அங்கே நடுவது மரத்துக்கும் கேடு, வெட்டுகிறவருக்கும் ஆபத்து.

மண்ணுக்கு மேலே தெரியும் பரப்பைவிட மண்ணுக்குள் இருக்கும் பரப்பு பெரியது. மரத்தின் உயரம் அளவுக்கு வேர் ஆழத்தில் இறங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, கிளைகளின் எல்லையையும் தாண்டிச் செல்கிறது. நல்ல நிலையில் உள்ள கழிவுநீர்க் குழாயை வேர் துளைத்து உடைப்பதில்லை. கசியும் இணைப்பிலிருந்து வரும் ஈரத்தை நாடி வளர்ந்து, இடுக்கு வழியாக நுழைந்து, உள்ளே பருத்து அடைத்துக்கொள்கிறது. எனவே பழைய குழாய் ஓடும் பக்கத்தில் மரம் நடுவதற்கு முன் குழாயைச் சரிசெய்துவிடுவது அவசியம். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் நிலத்தில் கூடுதல் கவனம் தேவை. அத்தகைய மண்ணில் சுவரை ஒட்டி நிற்கும் பெரிய மரம் அடித்தளத்தின் கீழுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் மண் சுருங்கி, சுவரில் விரிசல் காண வாய்ப்புண்டு. ஆல், அரசு, அத்தி இனத்துப் பெரிய மரங்களை, அவற்றின் மீது எவ்வளவு பற்று இருந்தாலும், வீட்டு மனைக்குள் நடாதீர்கள். அவை பொதுவெளிகளுக்கு உரியவை. அங்கே அவற்றால் கிடைக்கும் நன்மை அளவற்றது.

வெயிலும் நிழலும்

பழமரங்கள் பெரும்பாலானவற்றுக்கு நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் மரம் பச்சையாக நிற்கும், காய்ப்பு மட்டும் நொய்ந்துவிடும். சூரியனின் பாதை ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், கோடையில் வெயில் படும் மூலை குளிர்காலத்தில் பக்கத்துக் கட்டடத்தின் நிழலுக்குள் போய்விடக்கூடும். முடிந்தால் இரண்டு பருவங்களில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிழலுக்காக மரம் நடுவோர் பலர் உயரமான மரத்தையே நாடுகின்றனர். வீட்டைக் கொதிக்கவைப்பது பெரும்பாலும் மேற்குச் சுவரில் விழும் பிற்பகல் வெயில். அது சாய்வாக விழுவதால், உயரத்தில் போய்க் குடை விரிக்கும் மரத்தின் நிழல் சுவரில் படாமல் வேறெங்கோ விழுகிறது. அந்தப் பக்கத்துக்குத் தாழ்வாகக் கிளைவிட்டு அடர்த்தியாக இலை தரிக்கும் நடுத்தர மரமே பொருத்தம். என் தேர்வு மகிழம். மெதுவாக வளரும் மரம்தான், ஆனால் எப்போதும் பசுமையாக இருக்கும், அதன் பூ வாடிய பின்னும் மணக்கும். விரைவாக நிழல் வேண்டுமென்றால் புங்கம் நல்லது. இலையும் பூவும் மிகுதியாக உதிரும் என்பதை ஏற்றுக்கொண்டு, கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி நடுங்கள்.

மண்ணும் தண்ணீரும்

மண் எப்படிப்பட்டது என்பதைவிட, அதில் தண்ணீர் எவ்வளவு விரைவில் வடிகிறது என்பதே மரத் தேர்வில் முதன்மையானது. 30 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, முழுவதும் வடியும்வரை விட்டுவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் அளவுக்கோடுகள் போட்டு உள்ளே நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முதல் நாள் தண்ணீர் காய்ந்த மண்ணை நனைக்கவே போய்விடும் என்பதால் இரண்டாம் முறை அளப்பதே சரியான அளவு. மணிக்கு இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை இறங்கினால் ஏறக்குறைய எந்த மரமும் அங்கே வாழும். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் பப்பாளி, எலுமிச்சை, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றைக் கைவிடுவது நல்லது. இவற்றின் வேர்களுக்குத் தேங்கிய நீரில் காற்று கிடைக்காது. பப்பாளி ஓரிரு நாள் தேக்கத்திலேயே வேரழுகி வீழ்ந்துவிடும். நாவல் மரம் அத்தகைய இடத்தையும் பொறுத்துக்கொள்ளும். மாறாக, ஊற்றிய வேகத்தில் தண்ணீர் இறங்கிவிடும் மணற்பாங்கான நிலத்துக்கு வேம்பு, முந்திரி, புங்கம் போன்ற வறட்சி தாங்கும் மரங்கள் ஏற்றவை.

பாய்ச்சப்போகும் நீர் உப்பாக இருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்னை, சப்போட்டா, பூவரசு ஆகியவை ஓரளவு உப்பைத் தாங்கும். எலுமிச்சை இனங்களும் வெண்ணெய்ப்பழமும் இலை ஓரம் கருகி உடனே காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்பு மிகுந்த களர் மண்ணில் எலுமிச்சைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல், நரம்புகள் பச்சையாக இருக்க இளம் இலைகள் மட்டும் மஞ்சளாகிவிடும்.

தட்பவெப்பத்தை மீறி எந்த மரமும் பயன் தராது. ஆப்பிள், பிளம் போன்றவற்றின் மொட்டுகள் விழிக்க, குளிர்காலத்தில் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் தேவை. வெப்பமான இடங்களுக்கென்று வளர்த்தெடுக்கப்பட்ட சில ரகங்களைத் தவிர, மற்றவை அங்கே இலைவிட்டு நிற்குமே ஒழியக் காய்க்காது. உறைபனி விழும் இடத்தில் இளம் மாங்கன்றின் கதியும் இதைவிட மோசமானதே.

காய்க்குமா, எப்போது காய்க்கும்?

ஒரே ஒரு பழமரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், அது தனியாக நின்று காய்க்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். மா, கொய்யா, எலுமிச்சை, மாதுளை ஆகியவை தனித்து நின்றாலும் காய்க்கும். பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. எது என்பது பல ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியும். பப்பாளியில் இருபால் பூக்கும் ரகத்தைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். சீத்தாவில் ஒரே பூவில் பெண் உறுப்பு முதலில் முதிர்ந்து, மகரந்தம் பின்னால் உதிர்வதால், காய்ப்பு குறைவாக இருக்கும்போது மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, அப்போதுதான் இதழ் விரியத் தொடங்கும் வேறு பூக்களில் தடவிவிட்டால் நல்ல பலன் கிடைக்கும்.

விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா (வேருள்ள ஒரு கன்றின் தண்டில் வேறொரு நல்ல ரகத்தின் கிளையை இணைத்து வளர்த்தது) என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சிறிய தோட்டத்துக்கு மாவும் சப்போட்டாவும் ஒட்டுக்கன்றாகவே இருக்க வேண்டும். ஒட்டு மா மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். விதையிலிருந்து வந்தது அதைப்போல இரு மடங்கு காலமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வதோடு, பழம் தாய்மரத்தைப் போல இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. எலுமிச்சை இதற்கு விலக்கு. அதன் விதைகளில் பெரும்பாலும் தாய்மரத்தின் திசுவிலிருந்தே கருக்கள் உருவாவதால் விதைக்கன்றும் தாயைப் போலவே காய்க்கும்.

இடம் குறுகலாக இருப்போருக்கு நான் முதலில் சொல்வது கொய்யா. அது புதிய தளிர்களில்தான் பூக்கிறது. ஆகவே கிளையை வெட்ட வெட்டக் காய்ப்பு கூடும், மரமும் இரண்டரை மீட்டருக்குள் அடங்கி நிற்கும். பூவுக்காக நடுவோருக்குப் பவழமல்லியும் மந்தாரையும் சின்ன மரங்கள். சரக்கொன்றை கொஞ்சம் பெரியது என்றாலும், மஞ்சள் சரம் சரமாக அது பூக்கும் சில வாரங்களுக்காகவே, இடமுள்ளோர் அதை நட வேண்டும் என்பேன்.

நட்ட பின் தொல்லை தருபவை

முருங்கை எல்லோரும் விரும்பும் மரம். அதன் கிளைகள் மிக எளிதில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அவற்றின் மயிர் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும். ஆகவே வாசலுக்கும் சன்னலுக்கும் விலகி ஒரு மூலையில் நட்டு, ஒரு மீட்டர் உயரத்திலேயே நுனியைக் கிள்ளித் தாழ்வாக வளருங்கள். செம்மயிற்கொன்றை அழகானது, ஆனால் காற்றுக்கு ஒடியும், வேர் தரைக்கு மேலெழும்பும். வாகனம் நிறுத்தும் இடத்தின் மேல் தென்னையும் நாவலும் வேண்டாம்: ஒன்றின் மட்டையும் காயும் விழும், மற்றொன்றின் பழக்கறை தளத்தைவிட்டுப் போகாது. குழந்தைகள் விளையாடும் வீட்டில் தங்க அரளியை நடவே நடாதீர்கள். அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு, விதை மிகக் கொடியது. ஏழிலைப்பாலையின் இரவு மணம் சிலருக்கு மூச்சுத் திணறலைக் கொடுப்பதால், படுக்கையறைப் பக்கத்தில் அதைத் தவிர்க்கலாம்.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

பண்ணையில் நம் கை உயரமான கன்றை நோக்கியே போகும். அதைத் தவிர்க்க வேண்டும். சிறிய பையில் நீண்ட நாள் நின்று உயர்ந்த கன்றின் வேர்கள் பையின் அடியில் சுருண்டிருக்கும். மண்ணில் நட்ட பிறகும் அந்தச் சுருள் விரியாமல், சில ஆண்டுகளில் பருத்துத் தன் தண்டையே நெரிக்கும். பையின் அடித்துளை வழியாகத் தடித்த வேர் தரைக்குள் இறங்கியிருந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுங்கள், ஏனெனில் பையைத் தூக்கும்போதே அந்த வேர் அறுபட்டுவிடும். இசைவு கிடைத்தால் பையைச் சற்றே விலக்கி, மண்கட்டியின் ஓரத்தைப் பாருங்கள்: வெளிர்நிற இளவேர்கள் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும், கட்டியைச் சுற்றிக் கயிறுபோல வேர் ஓடக் கூடாது.

அடுத்துத் தண்டு. முட்டுக்கொடுத்த குச்சியை அவிழ்த்தாலும் கன்று தானாக நிற்க வேண்டும். அடியில் தடித்தும் நுனி நோக்கி மெலிந்தும் இருக்க வேண்டும். ஒட்டுக்கன்றானால் ஒட்டின் தழும்பு முழுவதும் ஆறி, இரு தண்டுகளும் சீராக இணைந்திருக்கிறதா என்றும், ஒட்டுக்கு மேலே இரண்டு முறையாவது புதுத்தளிர் வந்து முதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. அதை வளரவிட்டால் நாம் விரும்பி வாங்கிய ரகம் மெல்ல நசிந்துபோகும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணில் புதையவே கூடாது. பையிலேயே காய்த்துத் தொங்கும் கன்று ஈர்க்கும், ஆனால் வேருக்குப் போக வேண்டிய உணவு காய்க்குப் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கன்றோடு வரும் பூச்சி தோட்டம் முழுவதும் பரவும்.

எத்தனை கன்று வாங்குவது என்பதை, முதல் இரண்டு ஆண்டுகள் எத்தனை கன்றுகளுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்ற முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வறட்சி தாங்கும் வேம்புக்கும் புங்கத்துக்கும்கூட வேர் பரவும்வரை அந்தக் கவனிப்பு வேண்டும். மழைக்காலம் தொடங்கும் தருணத்தில் நட்டால் அந்த வேலையில் பெரும்பகுதியை மழையே பார்த்துக்கொள்ளும். கோடையின் நடுவில் கன்று கிடைத்துவிட்டால், அதைப் பெரிய பைக்கு மாற்றி, அரைநிழலில் வைத்து நீரூற்றி, மழை வந்த பிறகு குழியில் இறக்குங்கள்.