அவசரமாகக் கல்யாணமா? முதலில் 30 நாள் கணக்கைப் பாருங்கள்

மண்டபம் பேசி, விமான டிக்கெட்டும் போட்ட பிறகுதான் பலர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். என் உறவுக்காரப் பையன் துபாயிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்தான். 'கல்யாணம் செய்யப்போகிறோம்' என்று அந்த அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுக்கும் நோட்டீஸின் காலம் முடியாததால் கல்யாணம் நடக்காமலே திரும்பிப் போனான். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் தமிழ்நாட்டு நடைமுறையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்தச் சட்டம்?

இருவரும் இந்துக்கள் என்றால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் போதும். முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கென்றே சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி புரோகிதரும் வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் செல்லும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருந்தால் நாளைக்கே நடத்தலாம். நீங்கள் நேராக 5ஆம் படிக்குப் போங்கள்.

வெவ்வேறு மதம், யாரும் மாற விரும்பவில்லை என்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். நோட்டீஸ் இதற்குத்தான்.

படி 2: எங்கே கொடுப்பது?

நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முந்தைய 30 நாளும் இருவரில் ஒருவராவது நோட்டீஸ் வாங்கும் அலுவலகத்தின் எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், உள்ளூரில் இருப்பவரின் ஊரில் கொடுங்கள். இருவருமே இப்போதுதான் வந்து இறங்கியவர்கள் என்றால் குடியிருக்க 30, நோட்டீஸுக்கு 30. ஆக 60 நாள்.

படி 3: நோட்டீஸ்

இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகலை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். 30 நாள் கணக்கு ஒட்டிய தேதியிலிருந்துதான் தொடங்குகிறது, கொடுத்த தேதியிலிருந்து அல்ல. என்றைக்கு ஒட்டினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எதிர்ப்பு இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கேயும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டப்படும். செய்தி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தே திட்டமிடுங்கள். ஆனால் பயந்து பின்வாங்க வேண்டாம். வயது, உயிரோடு இருக்கும் வேறு துணை, தடை செய்யப்பட்ட உறவுமுறை, மனநலம் சார்ந்த தகுதி, இவற்றை வைத்துத்தான் ஆட்சேபம் எழுப்ப முடியும். 'எங்களுக்குச் சம்மதமில்லை' என்று பெற்றோர் சொல்வது சட்டப்படி ஆட்சேபமே ஆகாது. ஆட்சேபம் வந்தால் அதிகாரி 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். மிரட்டல் இருந்தால் காவல்துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு உதவ மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

படி 4: கல்யாண நாள்

மூன்று சாட்சிகள் வேண்டும். அதிகாரி முன் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகத் தமிழிலேயே சொல்லலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். தாண்டினால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

படி 5: பதிவு

2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி கல்யாண நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. விசாவுக்காகப் பதிகிறீர்கள் என்றால், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் விண்ணப்பத்தில் அப்படியே இருக்கின்றனவா என்று கையெழுத்துப் போடும் முன் சரிபாருங்கள்.