டார்க் ரெஞ்ச் அலகை மனக்கணக்கில் மாற்றலாம்

பைக்கின் சர்வீஸ் கையேட்டில் முறுக்குவிசை, அதாவது டார்க் ரெஞ்சால் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு, கிலோகிராம்-மீட்டரில் இருந்தால் அதைப் பத்தால் பெருக்குங்கள். அடி-பவுண்டில் இருந்தால் அதனுடன் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். இரண்டிலும் கிடைக்கும் விடை நியூட்டன்-மீட்டர்.

சரியான பெருக்கெண்கள் முறையே 9.807, 1.356 என்பதால், முதல் வழியில் விடை 2 சதவீதம் கூடுதலாகவும், இரண்டாவதில் சுமார் 1.7 சதவீதம் குறைவாகவும் வரும். கிளிக் வகை டார்க் ரெஞ்சுகளுக்குப் பொதுவாக 4 சதவீதப் பிழை அனுமதிக்கப்படுவதால், வழக்கமான நட்டு, போல்ட்டுகளுக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. எடுத்துக்காட்டாக, 18 அடி-பவுண்டுக்கு இம்முறையில் 24 கிடைக்கிறது. துல்லியமான விடை 24.4.

அங்குல-பவுண்டுக்கு இது பொருந்தாது. முதலில் 12-ஆல் வகுத்து அடி-பவுண்டாக்கிக்கொள்ள வேண்டும். கையேட்டில் உள்ள 106 அங்குல-பவுண்டு என்பது ஏறத்தாழ 12 நியூட்டன்-மீட்டர்தான். அதையே அடி-பவுண்டு என்று தவறாகப் படித்து ரெஞ்சை 144 நியூட்டன்-மீட்டரில் வைத்து முறுக்கினால், 6 மி.மீ. போல்ட் அறுந்துபோகும், அல்லது அலுமினிய எஞ்சின் உறையில் மரை கழன்றுவிடும். ஆகவே எண்ணைவிட அலகை முதலில் பாருங்கள் என்பதே என் அழுத்தமான வேண்டுகோள்.

சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராடு போல்ட்டுகளுக்கு இந்தக் குறுக்குவழி வேண்டாம். அங்கே கால்குலேட்டரில் முழுப் பெருக்கெண்ணையே போடுங்கள். ரெஞ்சின் முனையில் நீளத்தைக் கூட்டும் இணைப்பு மாட்டியிருந்தால், அலகை மாற்றிய பிறகு அந்த நீளத்துக்கான திருத்தத்தையும் தனியாகச் செய்ய வேண்டும்.