பழைய சீடி டின்னைத் திறந்தால்: எதை எறிவது, எதை வைத்திருப்பது?

ஹட்டன் பக்கம் மே மாதம் பிடிக்கிற மழை லேசில் விடாது. சுவரில் பாசி, சப்பாத்தில் பூஞ்சணம். போன மழைக்காலத்தில் கட்டிலுக்கடியில் கிடந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். சீடி உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சீடிகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். “இந்தக் குப்பையக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வா” என்றார் அம்மா.

கொட்டியிருப்பேன். ஆனால் நான் ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவன். டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் டைப்பிங் வேலை பார்த்த காலத்தில், எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா மலரைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து கொடுத்தது நான்தான். வேலையை விட்டபோது, இனி யார் இதைத் தொடப்போகிறார்கள் என்று பேஜ்மேக்கர் சீடியை எறிந்துவிட்டேன். சில வருடம் கழித்துக் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். “தம்பி, அந்த மலர்ல இருக்கிற பழைய ஆட்கள் பேரெல்லாம் புது மலர்லயும் போடணும். ஒங்கிட்ட இருக்கும்தானே?”

கோப்பு பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் ஒன்றும் இல்லை. மலரின் மிச்சக் கதை மூன்றாம் படியில் வரும்.

1. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

தரையில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து டின்னை அதில் கவிழுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், குறிப்பாக வீட்டில் எழுதிய சீடிகளை. அவற்றின் சாயப் படலம் வெயில் பட்டால் கெட்டுப்போகும். உறையிலோ அட்டையிலோ நீளமான எண் ஏதாவது அச்சிட்டிருந்தால், அதுதான் இன்ஸ்டோல் செய்யும்போது கேட்கும் கீ. உடனே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை நனைந்து கிழிந்துவிட்டால் சீடி இருந்தும் பலனில்லை.

2. யோசிக்காமல் எறியக் கூடியவை

பிரிண்டர் டிரைவர், மதர்போர்ட் டிரைவர், பழைய அன்டிவைரஸ், பிரவுசர், பிடிஎஃப் ரீடர் எல்லாம் போகலாம். டிரைவர்களில் பெரும்பாலானவை இணையத்தில் கிடைக்கும். ஆனால் அந்தப் பழைய பிரிண்டர் இன்னும் வீட்டில் ஓடுகிறதென்றால் அதன் சீடி இருக்கட்டும். ஃப்ளாஷ் பிளேயரை அடோபியே 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. பழைய ஃப்ளாஷ் விளையாட்டுகளில் ஆசை இருந்தால் ‘ரஃபிள்’ என்ற இலவச மென்பொருள் பலவற்றை ஓட்டும்.

அப்புறம் அந்தக் கள்ளக் கொப்பிகள். நம்மில் பலர் வீட்டில் உள்ளவை பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கிய, மார்க்கரில் பெயர் எழுதிய சீடிகள்தானே. கீ இல்லாமலே ஓட வைக்கிற ‘கிராக்’ கோப்புகள் வைரஸுக்குப் பேர்போனவை. என் தீர்ப்பு: ஒன்றுவிடாமல் எறியுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி சீடி கொஞ்சம் சிக்கலானது. மைக்ரோசொஃப்ட் அதற்கான பாதுகாப்பு அப்டேட்களை 2014 ஏப்ரல் 8உடன் நிறுத்திவிட்டது. இணையத்தில் இணைக்காத பழைய கம்ப்யூட்டர் ஒன்று உங்களிடம் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் கோப்புகளுக்குச் சாவியாக இருப்பவை

மிச்சமுள்ள ஒவ்வொரு சீடியையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது இல்லாவிட்டால் என்னுடைய எந்தக் கோப்பு திறக்காது? பதில் ஒன்று இருந்தால் அந்தச் சீடி வீட்டைவிட்டுப் போகக் கூடாது. கணக்கு எழுதிய மென்பொருள், தமிழ் டைப்பிங் மென்பொருள், எழுத்துருச் சீடி எல்லாம் இந்த வகை.

நம் மலருக்கு வருவோம். பண்டாரவளையில் ஒரு நண்பரிடம் எக்ஸ்பியில் ஓடும் பழைய கம்ப்யூட்டரும் அதில் பேஜ்மேக்கர் 7உம் இருந்தன. கோப்பை பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்தோம். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும்! காரணம் பாமினி, நான் மலரை அடித்த தமிழ் எழுத்துரு. அது இப்போது போனிலும் இணையத்திலும் பயன்படும் யூனிகோட் முறை எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளிதான் நம் மெய்யெழுத்தின் மேற்புள்ளி. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த ஐந்தும் அப்படியே பல்லிளிக்கும்.

நல்ல வேளை, பாமினி என் டின்னிலேயே இருந்தது. அதைப் போட்டதும் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

இலங்கையில் பழைய கடிதம், சங்க அறிக்கை, மரண அறிவித்தல் என்று பாமினியில் அடித்தவை ஏராளம். உங்களிடம் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கோப்பைத் திறந்து எழுத்து மட்டும் கொப்பி செய்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டினால் போதும். ஆனால் ஒரு தொல்லை உண்டு. இடையில் ஆங்கிலச் சொல் வந்திருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவைக்கும். கிரந்த எழுத்துகளிலும் சில தடவை பிசகும். ஆட்களின் பெயர்களை ஒரு தடவை கண்ணால் வாசித்துப் பாருங்கள்.

4. துடைப்பது

மென்மையான பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, வாசிக்கவே முடியாமல் போகும். பெயர் அச்சிட்ட பக்கத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சீடியில் தகவல் இருக்கும் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. பெலீஸ் நாட்டில் ஒரு பூஞ்சணம் அந்தப் படலத்தையே தின்றிருந்ததை 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். என் டின்னில் இருந்தது வெறும் மேல்பூச்சு, துடைத்ததும் போய்விட்டது. வெடிப்பு விட்ட சீடியை டிரைவில் போடாதீர்கள். சுழலும் வேகத்தில் உள்ளேயே நொறுங்கலாம்.

5. கொப்பி எடுப்பது

இப்போதைய லெப்டொப்புகளில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் இல்லை. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். சீடியைப் போடும்போது ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது தானாக ஓடத் தொடங்காது. பிறகு வைரஸ் ஸ்கேன்.

உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் இழுத்துப் போடாமல், முழுச் சீடியையும் ஒரே கோப்பாக எடுங்கள். ‘இம்க்பேர்ன்’ என்ற இலவச மென்பொருளில் சீடியிலிருந்து கோப்பு உருவாக்கும் முறையைத் தெரிவு செய்தால் ஐஎஸ்ஓ கோப்பு ஒன்று வரும். விண்டோஸ் 8க்குப் பிந்தியவற்றில் அதை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால் சீடி போட்ட மாதிரியே திறக்கும்.

விளையாட்டுச் சீடியில் ஒரு விஷயம் கவனியுங்கள். 90களின் பல விளையாட்டுகளில் பாட்டு, சாதாரணப் பாட்டுச் சீடி போலத் தனித் தடங்களாக இருக்கும். ஐஎஸ்ஓவில் அது வராது. விளையாட்டு ஓடும், ஆனால் பாட்டு இல்லாமல். அப்படிப்பட்ட சீடியைக் கண்டால் இம்க்பேர்ன் தானே ‘பின்’, ‘கியூ’ என்று இரண்டு கோப்புகள் எழுதும். இரண்டையும் பிரிக்காமல் வையுங்கள்.

சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாக வாங்கிய மென்பொருளுக்குக் காப்புப் பிரதி ஒன்று எடுத்துவைக்க இடம் தருகிறது. அசலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் கொப்பியை அழித்துவிட வேண்டும்.

6. விளையாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள்

விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து விளையாட்டுகளுக்கு ‘டொஸ்பொக்ஸ்’ என்ற மென்பொருள் போதும். கம்ப்யூட்டர் கிளாஸில் சேர் வெளியே போனதும் நாங்கள் திறக்கும் ‘டேவ்’, ‘பிரின்ஸ் ஒஃப் பெர்ஷியா’ இரண்டும் இதில் நன்றாக ஓடுகின்றன. விளையாட்டின் கோப்பை இழுத்து டொஸ்பொக்ஸ் ஐகனின் மேல் போடுங்கள், திறந்துவிடும். ஓட்டம் தலைதெறிக்கப் போனால் கன்ட்ரோலும் எஃப்11உம், ஊர்ந்தால் கன்ட்ரோலும் எஃப்12உம்.

விண்டோஸ் விளையாட்டுகள்தான் முரண்டு பிடிக்கும். இப்போதைய 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் மென்பொருள் ஓடாது. சில விளையாட்டுகள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றை இன்ஸ்டோல் செய்யும் கோப்பு 16 பிட்டாக இருந்து காலை வாரும். கள்ளக் கொப்பி எடுக்க விடாத ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டுப் போட்டு வந்தவை விண்டோஸ் 10இல் அசைய மாட்டா, அசல் சீடியே கையில் இருந்தாலும். இவற்றுக்கு, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் ‘வேர்ச்சுவல்பொக்ஸ்’ மென்பொருளைப் போட்டு உள்ளே பழைய விண்டோஸை ஏற்றிப் பார்க்கலாம். அரை நாள் மல்லுக்கட்டியும் ஓடாவிட்டால், அந்த விளையாட்டை உண்மையாகவே இன்னொரு தடவை ஆடுவீர்களா என்று உங்களையே கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்ததில் எட்டு விளையாட்டுகள் மூன்றாகின.

7. வைப்பதும் எறிவதும்

கொப்பி ஒன்றை ஹார்ட் டிஸ்க்கிலும், இன்னொன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். என்னுடைய இரண்டாவது கொப்பி அக்கா வீட்டில், பதுளையில். அசல் சீடிகளை இறுக்கமாக மூடும் தேயிலை டின்னில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பைகளோடு போட்டிருக்கிறேன். பக்டரியில் ஏறக்குறைய 3 சதவீத ஈரத்துக்குக் காய வைத்த தேயிலையையே காக்கிற டின், சீடியைக் காக்காதா?

எறிவதை அடுப்பிலோ குப்பை மேட்டிலோ எரிக்காதீர்கள், புகை கெடுதி. சொந்த விவரங்கள் உள்ள சீடி என்றால் துணியில் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மின்கழிவு எடுப்பவர்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. உங்கள் பக்கம் யார் எடுக்கிறார்கள் என்று நகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுப் பாருங்கள்.

என்னுடைய பிரிண்டர் டிரைவர் சீடிகள் ஆறும் இப்போது அம்மாவின் போஞ்சிப் பந்தலில் நூலில் தொங்குகின்றன. குருவிகள் முதல் வாரம் பயந்தன. இப்போது நூலிலேயே உட்காருகின்றன.