ஆல்சிண்டரா, வால்டனா? யுசிஎல்ஏ-வின் தலைசிறந்த சென்டர் யாரென்று வாதாடுவது எப்படி

லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் தலைசிறந்த சென்டர் (கூடைக்கு அருகே ஆடும், பொதுவாக அணியிலேயே உயரமான வீரர்) யார் என்று பேச்செடுத்தால், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் '38,387 புள்ளிகள்' என்பார். அத்துடன் வாதம் கெட்டது. அது கரீம் அப்துல்-ஜப்பார் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வில் இருபது சீசன் ஆடிச் சேர்த்த கணக்கு. யுசிஎல்ஏ-வுக்கு ஆடியவர் லூ ஆல்சிண்டர். ஆள் ஒருவர்தான், ஆனால் கணக்கு வேறு. அவர் பெயரை மாற்றிக்கொண்டதே கல்லூரியை விட்டு வந்த பிறகு, 1971-இல். எதிர்த்தரப்பிலும் இதே கோளாறு நடக்கும். பில் வால்டன் பிற்பாடு என்பிஏ-வில் ஆடிய போர்ட்லண்ட் அணி 1977-இல் வென்ற பட்டத்தையோ, அவருடைய பாதக் காயங்களையோ யாராவது இழுத்து வருவார்கள். எனவே முதல் வேலை எல்லைக்கோடு போடுவது. கல்லூரிச் சீருடையில் நடந்தது மட்டுமே சாட்சி. நடுவராக ஒருவரை உட்கார வைத்து, என்பிஏ என்ற சொல் வந்தால் பேச்சை நிறுத்தும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, கேள்வியை ஒரு வரியில் எழுதி எல்லோர் முன்னாலும் வையுங்கள். 'தலைசிறந்த' என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: மூன்று ஆண்டுகளில் அதிகம் சாதித்தவர் யார், உச்சத்தில் ஆடியபோது யாரைத் தடுப்பது கடினம், அணியை அதிகம் மாற்றியவர் யார். ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விடிய விடியப் பேசினாலும் சந்திக்க மாட்டார்கள். மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம், தனித்தனியாக.

பட்டியலைச் சுருக்குவதற்கு அதிக நேரம் வேண்டாம். கெவின் லவ் ஆடியது ஒரே சீசன், 2007-08, ஆட்டத்துக்கு 17.5 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அணி இறுதி நால்வருக்குள் வந்தது. அருமையான ஆண்டுதான், ஆனாலும் ஓர் ஆண்டு. ஸ்டீவ் பேட்டர்சன் 1970, 1971 தேசியப் பட்டங்களின் சென்டர். 1971 இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவுக்கு எதிராக 29 புள்ளி எடுத்தவர். அவரை வேட்பாளராக அல்ல, சாட்சியாகப் பிறகு அழைப்போம். டான் மக்லீன் 2,608 புள்ளிகளோடு அணியின் வரலாற்றில் முதலிடம், ஆனால் அவர் ஃபார்வர்ட். மிச்சம் இருவர்.

எண் அட்டை தயாரிப்பது

ஆளுக்கொரு அட்டை எழுதிக்கொள்ளுங்கள். ஆல்சிண்டர்: 1966-67 முதல் 1968-69 வரை, 88 ஆட்டங்கள், 2,325 புள்ளி, 1,367 ரீபவுண்ட். ஆட்டத்துக்கு 26.4 புள்ளி, 15.5 ரீபவுண்ட், ஷூட்டிங் (எறிந்ததில் உள்ளே போனது) 63.9 சதவீதம். மூன்று பட்டங்கள்; அணியின் கணக்கு 88 வெற்றி, 2 தோல்வி. வால்டன்: 1971-72 முதல் 1973-74 வரை, 87 ஆட்டங்கள், 1,767 புள்ளி, 1,370 ரீபவுண்ட். ஆட்டத்துக்கு 20.3 புள்ளி, 15.7 ரீபவுண்ட், ஷூட்டிங் 65.1 சதவீதம். இரண்டு பட்டங்கள், 86 வெற்றி, 4 தோல்வி.

இந்த அட்டையில் ஒரு வலை இருக்கிறது. ஆல்சிண்டர் ஆடியதும் 88 ஆட்டம், அணி வென்றதும் 88 ஆட்டம். இரண்டும் ஒன்றல்ல. அந்த மூன்று சீசனில் அணி ஆடியது 90. அவர் இரண்டில் ஆடவில்லை. இதைக் குழப்பினால் எதிர்த்தரப்பு உங்களை அங்கேயே மடக்கும்.

ரீபவுண்டில் வித்தியாசம் மூன்று. மூன்றாண்டு ஆட்டத்தில் மூன்றே மூன்று! ஆகவே ரீபவுண்டை வைத்து எந்தப் பக்கமும் வாதிட வேண்டாம்; அங்கே ஒன்றும் இல்லை. புள்ளியில் ஆட்டத்துக்கு ஆறு வித்தியாசம் உண்டு. அதுதான் ஆல்சிண்டர் தரப்பின் முதல் ஆயுதம்.

கணக்கில் இல்லாத ஒன்றை எண்ணாக்கிப் பேசுவது இந்த வாதத்தில் வழக்கமாக நடக்கும் பிழை. எதிராளி எறியும் பந்தைத் தட்டித் தடுக்கும் பிளாக்கை, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அதிகாரபூர்வமாகப் பதியத் தொடங்கியது 1985-86 சீசனில்தான். 'ஆட்டத்துக்கு இத்தனை பிளாக்' என்று யாராவது சொன்னால், எங்கிருந்து வந்த எண் என்று கேளுங்கள். தடுப்பாட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதல்ல; எண்ணாகப் பேச வேண்டாம்.

விதிகளைக் கழித்துப் பார்ப்பது

முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அனுமதி கிடைத்தது 1972-73 சீசனிலிருந்து. அதனால் இருவருக்கும் கிடைத்தது மூன்று சீசன்தான். இது சமம், விட்டுவிடலாம். ஆனால் 1965 நவம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தை ஆல்சிண்டர் தரப்பு நிச்சயம் எடுத்துவரும். முந்தைய இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்றிருந்த முதன்மை அணியை, அவர் இருந்த முதலாண்டு அணி 75-60 என்று வென்றது. அவருக்கு 31 புள்ளி, 21 ரீபவுண்ட். சொந்த அணிகளுக்குள் நடந்த காட்சி ஆட்டம் அது. அட்டையில் சேர்க்கக் கூடாது, மூன்றாவது கேள்விக்குச் சாட்சியாக அனுமதிக்கலாம் என்பது நியாயமான தீர்ப்பு.

டங்க் தடை அப்படிச் சமமாகக் கழியாது. 1967-68 முதல் 1975-76 வரை கல்லூரிக் கூடைப்பந்தில் டங்க் செய்ய, அதாவது எம்பிப் பந்தைக் கூடைக்குள் கையாலேயே திணிக்க, முடியாது. ஆல்சிண்டரின் முதல் சீசன் தடைக்கு முந்தியது: 29.0 புள்ளி, 66.7 சதவீதம். தடை வந்த ஆண்டு 26.2 புள்ளி, 61.3 சதவீதம், அடுத்த ஆண்டு 24.0, 63.5. வால்டனுக்கு மூன்று சீசனும் தடைக்குள்தான், ஆனாலும் 64.0, 65.0, 66.5 என்று ஏறிக்கொண்டே போனார். வால்டன் தரப்பு இதைக் கையில் எடுக்கத் தெரியாமல் விட்டுவிடுவது வழக்கம். எதிர்த்தரப்பின் பதில் என்னவாக இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 'ஒரு வீரர் வந்த மறு ஆண்டே விதியை மாற்றினார்கள் என்றால் அவர் எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்?' நல்ல பதில்தான், ஆனால் அது இரண்டாவது கேள்விக்கான பதில். முதல் கேள்விக்குச் செல்லாது.

விருதுகளில் கவனம் வேண்டும். 'நெய்ஸ்மித் விருது வால்டனுக்கு மூன்று, ஆல்சிண்டருக்கு ஒன்று' என்பது உண்மை; ஆனால் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான அந்த விருதை முதன்முதலாகக் கொடுத்ததே 1969-இல், கொடுத்தது ஆல்சிண்டருக்கு. அதற்கு முன் இல்லாத விருதை அவர் எப்படி வாங்க முடியும்? செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் கொடுக்கும் இதே போன்ற விருதை எடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆல்சிண்டருக்கு 1967, 1969. வால்டனுக்கு 1972, 1973. 1968-ஐ ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸும் 1974-ஐ நார்த் கரோலினா ஸ்டேட்டின் டேவிட் தாம்சனும் தட்டிக்கொண்டு போனார்கள். இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த வீரர் விருது மட்டும் தெளிவாக ஒரு பக்கம் சாய்கிறது: ஆல்சிண்டர் மூன்று முறை பெற்றார். வேறு யாரும் மூன்று முறை பெற்றதில்லை.

தோல்விகளைப் படிப்பது

88-2, 86-4 என்ற இரண்டு கணக்குகளிலும் வெற்றிகளை எண்ணிப் பயனில்லை. பயிற்சியாளர் ஜான் வுடனின் யுசிஎல்ஏ அணி எதிராளியை இருபது புள்ளியில் வீழ்த்திய ஆட்டத்தில் சென்டரைப் பற்றி என்ன தெரியப்போகிறது? தோற்ற ஆறு ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். வாதத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி இங்கே போகலாம்.

1968 ஜனவரி 20, ஆஸ்ட்ரோடோம், 52,693 பார்வையாளர்கள். ஹூஸ்டன் 71, யுசிஎல்ஏ 69. ஹேய்ஸ் 39 புள்ளி. ஆல்சிண்டர் 18 முறை எறிந்து 4 மட்டும் உள்ளே, மொத்தம் 15 புள்ளி. கருவிழியில் கீறல் பட்டு, இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டாவது தோல்வி 1969 மார்ச் 8, சொந்த அரங்கமான பாலி பெவிலியனில் யுஎஸ்சி-யிடம் 46-44. எண்ணைப் பார்த்தாலே விஷயம் தெரியும்: ஷாட் கிளாக் (குறித்த நொடிகளுக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற விதி) இல்லாத காலம், எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டியது. பந்தே வராத சென்டர் என்ன செய்வார்?

வால்டனின் நான்கும் 1974-இல் வந்தவை. ஜனவரி 19, நோட்டர் டேம் 71-70. மூன்றரை நிமிடம் மிச்சமிருக்கையில் 70-59 என்று முன்னிலை, பிறகு ஒரு புள்ளிகூட எடுக்காமல் தொடர்ந்து 12 புள்ளி விட்டுக்கொடுத்தார்கள். வால்டன் முதுகெலும்புக் காயத்தோடு, மூன்று ஆட்டம் விட்டுத் திரும்பியிருந்தார். பிப்ரவரியில் அடுத்தடுத்த நாட்களில் ஒரிகன் ஸ்டேட் 61-57, ஒரிகன் 56-51. கடைசியாக மார்ச் 23, அரையிறுதி: நார்த் கரோலினா ஸ்டேட் 80-77, இரண்டு கூடுதல் நேரம். இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஏழு புள்ளி முன்னிலை கைநழுவியது. அந்த ஆட்டத்தில் வால்டனுக்கு 29 புள்ளி, 18 ரீபவுண்ட். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அதைவிட மோசமான ஆட்டம் தேட வேண்டும்.

காயத்தை ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுக்காதீர்கள். கருவிழிக்குக் கொடுத்தால் முதுகெலும்புக்கும் கொடுக்க வேண்டும். அப்படிக் கழித்தால் ஹூஸ்டனும் நோட்டர் டேமும் போய்விடும். ஆல்சிண்டருக்கு ஒன்று, வால்டனுக்கு மூன்று.

இன்னும் கூர்மையான ஒப்பீடு ஒன்று உண்டு, பலர் தவறவிடுவது. இருவருக்கும் ஒரே எதிரணியோடு இரண்டு முறை மோதல் அமைந்தது, ஆனால் வரிசை தலைகீழ். ஆல்சிண்டரின் அணி ஜனவரியில் ஹூஸ்டனிடம் இரண்டு புள்ளியில் தோற்று, மார்ச் அரையிறுதியில் 101-69 என்று 32 புள்ளியில் திருப்பிக் கொடுத்தது; ஹேய்ஸுக்கு அன்று 10 புள்ளி. வால்டனின் அணி 1973 டிசம்பரில் நார்த் கரோலினா ஸ்டேட்டை 84-66 என்று 18 புள்ளியில் வென்று, மார்ச் அரையிறுதியில் தோற்றது. முதல் கேள்விக்கு, அதாவது சாதனைக் கணக்குக்கு, இதுவே தீர்ப்பு. என்சிஏஏ போட்டியில் ஆல்சிண்டர் 12-0, வால்டன் 11-1. இருவருமே பட்டத்துக்கு நான்கு ஆட்டம்தான் வெல்ல வேண்டியிருந்தது. அதனால் 'போட்டி எளிது' என்ற வாதம் இரண்டு பக்கமும் கழிந்துவிடும்.

88 ஆட்டத் தொடர் வெற்றியை வால்டன் தரப்பு கொடிபோலத் தூக்கி வரும். அதில் முதல் 15 வெற்றி 1971-இல் பேட்டர்சன் இருந்த அணியுடையது. வால்டனின் காலத்தில் வந்தவை 73. அவற்றிலும் 1974 ஜனவரியில் சில அவர் இல்லாமலே வென்றவை. 73-ம் மலைக்க வைக்கும் எண்தான், ஆனால் 88 என்று சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அணியை மாற்றியவர் யார்

மூன்றாவது கேள்விக்கு முன்னும் பின்னும் உள்ள சீசனைப் பாருங்கள். ஆல்சிண்டர் முதன்மை அணிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு, 1965-66, அணி 18-8. அவர் வந்ததும் 30-0. வால்டனுக்கு முந்தைய ஆண்டு 29-1, பட்டத்தோடு. அவர் வந்ததும் 30-0. இந்த ஒப்பீடு வால்டனுக்கு அநியாயம் செய்கிறது என்பதையும் நடுவர் சொல்லத்தான் வேண்டும்: 29-1-க்கு மேல் ஏற எவ்வளவு இடம் இருக்கிறது? அத்துடன் ஆல்சிண்டரோடு சக வீரர் லூசியஸ் ஆலனும் அதே ஆண்டுதான் மேலே வந்தார். இருவருமே இல்லாமல் வுடன் 1964, 1965, 1970, 1971, 1975 என ஐந்து பட்டம் வென்றிருக்கிறார். பேட்டர்சனைச் சாட்சியாக அழைக்க வேண்டிய இடம் இது. 'சென்டர் இல்லாவிட்டால் அணியே இல்லை' என்று எந்தத் தரப்பு சொன்னாலும் அவர் பெயர் போதும், பேச்சு அடங்கும்.

வால்டன் தரப்பு எங்கே நிற்க வேண்டும்

மொத்தக் கணக்கில் நின்றால் வால்டன் தரப்பு தோற்கும். இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டும், அங்கே இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று பாஸ். எதிரணி எறிந்து பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை எடுத்து, கால் தரையில் படுமுன்பே உடலைத் திருப்பி, நடுக்கோட்டை நோக்கி ஓடும் தோழருக்கு எறிவார். தடுப்பாட்டம் அங்கேயே தாக்குதலாக மாறிவிடும். 1973-74-இல் ஆட்டத்துக்கு 5.5 அசிஸ்ட் (தோழர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்), சென்டருக்கு அது அபூர்வம். ஆல்சிண்டர் அணியில் எல்லாம் அவரிடம் வந்து முடிந்தது என்றால், வால்டன் அணியில் பல அவரிடமிருந்து தொடங்கின. ஆறு புள்ளி வித்தியாசத்துக்கு வால்டன் தரப்பு சொல்லக்கூடிய ஒரே நேர்மையான விளக்கமும் இதுதான்.

இன்னொன்று 1973 இறுதி ஆட்டம். மெம்பிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 22 முறை எறிந்து 21 உள்ளே, 44 புள்ளி, 13 ரீபவுண்ட், 87-66. இடைவேளையில் 39-39 என்று சமநிலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'எளிதில் வென்ற ஆட்டம்' என்று தள்ளிவிடுவார்கள். சக வீரர் கிரெக் லீ அன்று 14 அசிஸ்ட் கொடுத்தார் என்பது எதிர்த்தரப்பின் பதில். ஆல்சிண்டர் தரப்பு வைக்கக்கூடிய சீட்டு 1969 இறுதி ஆட்டம்: பர்டியூவுக்கு எதிராக 37 புள்ளி, 20 ரீபவுண்ட். நல்ல சீட்டு, ஆனால் 21/22-ஐ வெட்டாது. வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக அவர் எடுத்த 61 புள்ளி அணியின் சாதனைதான். சீசன் நடுவே எடுத்ததை இறுதி ஆட்டத்தோடு எடை போடும்போது நடுவர் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும்.

தீர்ப்பைக் கேள்விவாரியாகக் கொடுங்கள். எங்கள் கணக்கில் முதலாவது ஆல்சிண்டருக்கு, சந்தேகமில்லாமல். மூன்றாவதும் அவருக்கே, ஆனால் மேலே சொன்ன தயக்கத்தோடு. இரண்டாவதில் ஒற்றை ஆட்டத்தை எடுத்தால் வால்டன். ஒரு முழு சீசனை எடுத்தால் 1966-67 ஆல்சிண்டரைத் தாண்ட ஆள் இல்லை. எது எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் இந்த இடத்தில்தான் குரல் உயரும். 'இருவரும் நேருக்கு நேர் ஆடியிருந்தால்?' என்ற கேள்வியைக் கடைசிவரை உள்ளே விடாதீர்கள். 7 அடி 2 அங்குலம், 6 அடி 11 அங்குலம் என்று உயரம் அளக்கத் தொடங்கிவிடுவார்கள், மற்ற எல்லாம் மறந்துபோகும்.